தோசைக்கல்லில் வெந்த ஸ்டேக்

மகனே,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப்போவதில்லை. உன் அம்மாவுக்கு நீ அனுப்புகிற சாப்பாட்டுப் படங்களை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். புனேயில் நீயும் ஷீபாவும் வேளாவேளைக்கு நன்றாகவே தின்கிறீர்கள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நான் சொல்ல வந்தது எங்கள் விஷயம். அடுத்த மாதம் உனக்கு மாற்றலாகி நீங்கள் இருவரும் இந்த உப்பல் வீட்டுக்குக் குடிவரும்போது, நானும் உன் அம்மாவும் மார்த்தாண்டத்தில் இருப்போம். வாழ்நாளில் பாதிக்கு மேல் ஹைதராபாத்தில் ஓட்டிவிட்டு இப்போது ஏன் இப்படி ஒரு முடிவு என்று கேட்காத ஆள் இல்லை. சர்ச்சில் கேட்டவர்களிடம் தேவ சித்தம் என்றேன். என்னோடு வேலை பார்த்தவர்களிடம் தண்ணீர்ப் பிரச்சினை என்றேன். மேல்வீட்டு லட்சுமி அம்மாளிடம் அந்த ஊரின் தட்பவெப்பம் எனக்கு ஒத்துக்கொள்ளும் என்றேன். எல்லாம் பொய். உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன். காரணம் ஒரு ஸ்டேக். மாட்டிறைச்சியில் செய்வது, மேலே வைன் சாஸ் ஊற்றுவது. அதை நான் சமைத்தேன். இந்த இடத்தில் நீ சிரித்திருப்பாய். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

விஷயம் உன் பெரியம்மாவிடமிருந்து தொடங்குகிறது. அவள் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் நடத்துகிற சின்னப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்தவர் கணவரோடு வளைகுடாவுக்குப் போய்விட்டார். உடனே தங்கைக்கு போன். "நீ வந்து ஸ்கூலப் பாத்துக்கிடு. ரிட்டயர் ஆயிட்டு சும்மாதானே இருக்க?" என்றாளாம். உன் அம்மா மௌலா அலியில் அத்தனை வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகு அவளிடம் கணக்குக் கேட்க யாரும் இல்லாமல், பால்காரர் கணக்கைத் திருத்திக்கொண்டிருந்தாள். அந்த போன் வந்த அன்று அவள் முகத்தைப் பார்த்தேன். பெண் பார்க்கப் போன அன்று பார்த்த முகம் அது. சந்தோஷத்தை வெளியே காட்டக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். "அக்காகிட்ட யோசிச்சுச் சொல்லுதேன்னு சொல்லியிருக்கேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, நான் என்ன சொல்வேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? மார்த்தாண்டத்தில் மழை அதிகம், உன் முழங்காலுக்கு ஆகாது என்றேன். இதை என் தொழில் புத்தி என்றுதான் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருந்தவன் நான். எந்தப் பொருள் என் மேஜைக்கு வந்தாலும் அதில் என்ன குறை என்று தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். மறுநாள் அங்கே கொசு அதிகம் என்றேன். அதற்கும் மறுநாள், அந்த ஊர் பஸ்களில் படி உயரம் என்றேன். பிறகு கரண்டு நிற்காது, துணி காயாது, சுவரெல்லாம் பூஞ்சை பிடிக்கும், பெரியம்மாவின் வாய் நீளம் என்று தினமும் காலைக் காப்பியோடு ஒரு ஆட்சேபணையைத் தாக்கல் செய்துவந்தேன். உன் அம்மா எல்லாவற்றுக்கும் "ம்" என்றாள். அந்த "ம்" எப்படிப்பட்டதென்று உனக்கே தெரியும். நீ பன்னிரண்டாம் வகுப்பில் கெமிஸ்ட்ரி பேப்பரைப் பற்றி விளக்கம் சொன்னபோது கேட்டாயே, அதே "ம்".

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருக்கும்போது சாதாரணமாகச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் அக்காவுக்கு போன் போட்டு வாறேன்னு சொல்லப் போறேன்." அவ்வளவுதான். என்னிடம் அனுமதி கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் மட்டும், உன் மாற்றல் செய்தி அப்போது வந்திருக்கவில்லை. காலையில் எழுந்து யாரிடம் குறை சொல்வது? அதற்குள் அவள் மனதை மாற்றியாக வேண்டும், கையில் இருப்பது ஒரே ஒரு சனிக்கிழமை.

அப்போதுதான் ஸ்டேக் ஞாபகம் வந்தது. போன வருடம் எங்கள் திருமண நாளுக்கு நீயும் ஷீபாவும் ஜூபிலி ஹில்ஸில் ஒரு பெரிய ஹோட்டலுக்குக் கூட்டிப்போனீர்களே. விளக்கைப் பாதியாக அணைத்துவைத்து, மெனு கார்டைப் படிக்க நான் செல்போன் டார்ச் அடித்ததற்கு நீ கோபித்துக்கொண்டாயே, அதே இடம். அங்கே உன் அம்மா ஸ்டேக் சாப்பிட்டாள். வெளிச் சாப்பாட்டில் எதையும் நல்லது என்று ஒப்புக்கொள்ளாத பெண். அன்றைக்கு அந்தக் கருஞ்சிவப்புச் சாஸைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டு, "இது கொள்ளாம்" என்றாள், நன்றாயிருக்கிறது என்பதற்கு நம் ஊர்ப் பேச்சில் அதற்கு மேல் வார்த்தை இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் டாக்ஸியிலும் இன்னொரு தடவை சொன்னாள். அதையே வீட்டில் சமைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிவைத்து எதிரில் உட்காரவைத்தால் பெண் மனம் இளகாதா என்று கணக்குப் போட்டேன். இப்போது ரொமான்டிக் டின்னர் என்று சொல்கிறார்களே, அந்த வகையறா. சனிக்கிழமை மாலை அவளுக்கு லோத்குண்டாவில் ஒரு சிநேகிதி வீட்டில் பெண்கள் ஐக்கிய சங்க ஜெபக்கூட்டம். போகவரவும் ஜெபிக்கவும் சாயங்காலம் முழுக்க ஆகும். எனக்கு அந்த நேரம் போதும் என்று நினைத்தேன்.

யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் செய்து காட்டியிருந்தார். பார்த்தால் உப்புமாவைவிடச் சுலபம். தடித்த இறைச்சித் துண்டைத் துடைத்து ஈரம் போக்கி, உப்பும் மிளகும் போட்டு, நன்றாகக் காய்ந்த கனமான இரும்புச் சட்டியில் இரண்டு பக்கமும் சுட்டு, வெண்ணெயும் பூண்டும் போட்டு அதை மேலே ஊற்றிக்கொண்டே இருந்து எடுத்துவைக்க வேண்டும். எடுத்தவுடன் வெட்டக் கூடாதாம், சற்றுநேரம் ஓய்வு கொடுக்க வேண்டுமாம். அந்தச் சட்டியிலேயே சின்ன வெங்காயம் வதக்கி, வைன் ஊற்றி, பாதியாகச் சுண்டவிட்டு, இறைச்சி வேகவைத்த தண்ணீர் கொஞ்சம் சேர்த்து, கடைசியில் ஒரு துண்டு வெண்ணெய். முடிந்தது. அதை நான் நாலைந்து தடவை பார்த்து, சந்தேகங்களைத் தெளிவுபடுத்திக்கொண்டு, மத்தியானமே கிளம்பிவிட்டேன்.

இங்கே மாட்டிறைச்சியைப் படே கா கோஷ்த் என்று சொல்ல வேண்டும் என்பது உனக்குத் தெரிந்ததுதான். நான் வழக்கமாகப் போகிற கடையில் இருக்கிற பாஷா பாய்க்கு என்னைப் பார்த்தாலே கை தானாக ஓடும். கேட்பதற்கு முன்பே கறியைச் சின்னச் சின்னத் துண்டாகப் போட்டுவிடுவார், நம் வீட்டு வறுவலுக்கு. அன்று அவர் கத்தியைத் தூக்குவதற்குள் கையைப் பிடித்துவிட்டேன். அண்டர்கட் வேண்டும், முதுகெலும்புக்கு அடியில் இருக்கிற மெத்தென்ற கறி, இரண்டு விரல் தடிமனில் இரண்டே இரண்டு துண்டு என்றேன். அண்டர்கட்டை ஹோட்டல்காரர்கள் காலையிலேயே வாங்கிப்போய்விட்டார்களாம். தொடைதான் இருந்தது. சரி, தொடையிலேயே கொடுங்கள் என்றேன். "இத்தா மோட்டா கைக்கு சாப்?", இவ்வளவு தடிமனாக எதற்கு என்று அவர் முகம் சுளித்தார். ஸ்டேக் செய்யப்போகிறேன் என்றேன். "நக்கோ சாப். ரான் ஹை யே. அய்சா கலேகா நை" என்றார். தொடைக்கறி, இப்படிச் செய்தால் வேகாது என்று அர்த்தம். "ஹவ், ஹவ், முஜே மாலூம்", ஆமாம், எனக்குத் தெரியும் என்று பெரிய மனுஷனாகத் தலையை ஆட்டிவிட்டு வாங்கிவந்தேன். எனக்கு ஒன்றும் மாலூம் இல்லை.

அடுத்தது வைன். உன் அப்பன் பிறந்ததிலிருந்து சாராயக்கடைப் படி மிதித்ததில்லை. ஆனால் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு வைன்ஸ், வைன்ஸ் என்று போர்டு மாட்டியிருக்கிறார்களே, வைன் வாங்குவதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் உள்ள கடைக் கம்பிவலைக்கு முன்னால் பெரிய கூட்டம். ஹெல்மெட்டைக் கழற்றாமலே வரிசையில் நின்றேன், யாரும் அடையாளம் கண்டுவிடக்கூடாதே. என் முறை வந்ததும், ஒரு பாட்டில் வைன், சிவப்பு, அதிக இனிப்பில்லாதது என்று தெலுங்கில் தெளிவாகக் கேட்டேன். கம்பிக்குப் பின்னால் இருந்த பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "வைன் லேது சார். வைன்ஸ்லோ வைன் எவரு அடுகுதாரு?" என்றான். வைன்ஸில் வந்து வைன் யார் கேட்பார்கள் என்கிறான்! வரிசையே சிரித்தது. எனக்குப் பின்னால் நின்றவர் மட்டும் சிரிக்கவில்லை. என்னவென்று திரும்பிப் பார்த்தால், அவரும் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நிற்கிறார். கண்ணாடிக்குள்ளே தெரிந்தது நம் சர்ச் பாடகர் குழுவின் பேஸ் குரல்காரர். நான் அவரைப் பார்க்கவில்லை, அவர் என்னைப் பார்க்கவில்லை. மறுநாள் ஆராதனையில் இருவரும் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பாடினோம்.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து யோசித்தேன். வைன் நம் வீட்டிலேயே இருக்கிறதே! உன் அம்மா கிறிஸ்துமஸுக்குப் போட்டு, கேக்கோடு விருந்தாளிகளுக்குத் தம்ளரில் ஒரு வாய் ஊற்றிக்கொடுக்கிற திராட்சை வைன். பீங்கான் பரணியில் மீதம் நிறையவே இருந்தது. திராட்சையில்தான் செய்தது, நிறமும் அதேதான், புளித்ததும் உண்மை. தர ஆய்வில் இதை மாற்றுப்பொருள் ஒப்புதல் என்போம். மாற்றுப்பொருளை ஒப்புக்கொள்வதற்கு முன்னால் அதில் வேறு என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிட்டேன். அந்தப் பரணியில் திராட்சைக்குச் சமமாகச் சர்க்கரை, போதாததற்குக் கிராம்பும் பட்டையும் போட்டிருப்பாள். வெள்ளைக்காரர் தைம் என்று ஒரு இலை போட்டார், அதற்குப் பதிலாக பால்கனித் தொட்டியிலிருந்து ஓமவல்லி நாலு இலை கிள்ளிக்கொண்டேன். இன்றைக்கு வரை அது ஒன்றுதான் நான் செய்த சரியான காரியம் என்று நினைக்கிறேன்.

கனமான இரும்புச் சட்டி எது? நம் வீட்டில் கனமான இரும்பு ஒன்றே ஒன்றுதான். மகனே, இந்த இடத்தில் நீ கண்ணை மூடிக்கொள். உன் அம்மாவின் தோசைக்கல்லை எடுத்து அடுப்பில் வைத்தேன். சப்பாத்திகூடச் சுடவிடாமல் அவள் காப்பாற்றிவருகிற கல். சோப்பு படக்கூடாது, வேலைக்காரம்மா தொடக்கூடாது, தோசை வார்த்ததும் வெங்காயத்தை வெட்டித் தேய்த்துத் துடைத்து, தனியாகத் தாளில் சுற்றி மேல் தட்டில் வைப்பாள். நானும் அதைத் தொடக்கூடாது. தொட்டதில்லை. அன்று அதில் மாட்டிறைச்சியை வைத்தேன். வெண்ணெயைப் போட்டேன். தோசைக்கல்லுக்குக் கரை கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது. வெண்ணெய் நாலாபுறமும் ஓடி அடுப்பில் விழுந்து குப்பென்று பற்றியது. மூடி எங்கே, ஈரத்துணி எங்கே என்று நான் தேடி அணைப்பதற்குள் கூடம், படுக்கையறை, பால்கனி எல்லாம் புகை. வாசல் மணி அடித்தது. மேல்வீட்டு லட்சுமி அம்மாள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அன்னய்யகாரு, ஈ பொக ஏன்டண்டி?", இது என்ன புகை என்கிறார். சுத்த சைவம் அந்தம்மாள். சாம்பிராணி போட்டேன் என்றேன். கிறிஸ்தவர்கள் வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் சாம்பிராணியா என்று அவர் கேட்கவில்லை. இவ்வளவு நல்ல மனிதர்களுக்கு நடுவில் இருந்திருக்கிறோம் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

புகை அடங்கியதும் இறைச்சியைப் பார்த்தேன். வெளியே கரி. ஓரத்தை வெட்டிப் பார்த்தால் உள்ளே சிவப்பு, தட்டில் சிவப்பாகத் தண்ணீர் வேறு ஓடுகிறது. வெள்ளைக்காரர் இதைத்தான் பெருமையாகக் காட்டினார். ஆனால் நாம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள், மாடு எலும்பை விட்டுக் கழன்று வருகிற வரைக்கும் வேகவைத்தால்தான் நமக்கு நம்பிக்கை. இந்தச் சிவப்பை உன் அம்மா முன்னால் கொண்டுபோய் வைத்தால் அவள் ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்க மாட்டாள், அன்றைக்கே ரயில் ஏறிவிடுவாள். கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு ஸ்டேக்கையும் தூக்கிக் குக்கரில் போட்டு, தண்ணீர் ஊற்றி, வெயிட்டை மாட்டினேன். பக்கத்து அடுப்பில் வாணலியில் வெங்காயம் வதக்கி, பரணி வைனை ஊற்றிச் சுண்டவிட்டேன். அது சுண்டியது. சொன்ன பாதி அளவோடு நிற்காமல் மேலும் சுண்டியது. கரண்டியைத் தூக்கினால் கம்பி மாதிரி இழுத்தது, அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறார்களே, அந்தப் பதம். வெங்காயம் போட்ட பாகு. வீடே கேக் மணத்தது.

குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. நான் கூடத்து விளக்குகளை அணைத்து, கரண்டு போனால் ஏற்றுகிற மெழுகுவர்த்திகளை மேஜையில் ஏற்றிவைத்திருந்தேன். இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தேன். உன் அம்மா வாசலில் நின்று உள்ளே பார்த்தாள்.

"கரண்டு போச்சா? இன்வெர்ட்டருக்கு என்ன கேடு? தண்ணி ஊத்துங்க தண்ணி ஊத்துங்கன்னு எத்தன நாளாச் சொல்லுதேன்!"

"கரண்டு இருக்கு" என்றேன்.

"இருந்தா எதுக்கு இருட்டுல நிக்கிய?" என்று சுவிட்சைப் போட்டாள். மேஜையைப் பார்த்தாள், முள்கரண்டிகளைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள். "யாரு வாறாங்க?"

"யாரும் வரல. நாம ரெண்டு பேருதான். நீ உக்காரு."

அவள் கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டே உட்கார்ந்தாள், டாக்டர் அறையில் ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பவள் போல. எனக்கு ஏதோ நோய் கண்டுபிடித்திருக்கிறார்கள், அதை நைசாகச் சொல்லத்தான் இவ்வளவும் என்று நினைத்துவிட்டாளாம், பிறகு சொன்னாள். நான் குக்கரைத் திறந்து தட்டில் ஸ்டேக்கை வைத்து, மேலே சாஸை ஊற்றி, ஊற்ற வராததால் கரண்டியால் தடவி, ஓமவல்லி இலை ஒன்றை நட்டுவைத்துக் கொண்டுபோனேன். அவள் கத்தியால் வெட்டிப் பார்த்தாள். பாஷா பாய் சொன்னது சரி. இத்தனை விசிலுக்குப் பிறகும் தொடைக்கறி செருப்பு வார் மாதிரி நெகிழ்ந்துகொடுத்ததே தவிர அறுபடவில்லை. ரொட்டிக் கத்தி கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு துண்டை எப்படியோ பிய்த்து வாயில் போட்டு மென்றாள். மென்றாள். நான் எதிரில் உட்கார்ந்து, கொசு, மழை எல்லாவற்றையும் விட்டுவிட்டு இன்று புதிதாக என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"ஜாம் கொள்ளாம்" என்றாள் கடைசியில். உள்ளே போய் ரொட்டி எடுத்துவந்து, என் வைன் சாஸை அதில் தடவித் தின்றாள். பிறகு இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். இறைச்சியை மெல்லிசாக அரிந்து, தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப்போட்டு, கறிவேப்பிலையும் மிளகும் போட்டு ஒரு பிரட்டு பிரட்டினால் தின்னலாம் என்பது அவள் எண்ணம். வாணலியில் பாகு ஒட்டியிருந்ததால் வேறு ஏதாவது கிடைக்குமா என்று திரும்பினாள். பார்த்துவிட்டாள்.

மகனே, நான் தொழிற்சாலையில் பாய்லர் வெடித்ததைப் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னால் இப்படித்தான் ஒரு கண நேரம் சத்தமே இருக்காது.

"என் தோசக்கல்லு" என்றாள். "என் தோசக்கல்லுலயா?"

"கனமான இரும்பு வேணும்னு சொன்னான்" என்றேன்.

"எவன்?"

"வெள்ளைக்காரன்."

"பைத்தியம் பிடிச்சிருக்கா ஒங்களுக்கு? இது இனி எப்படி பழைய நெலைக்கு வரும்? பாருங்க, கறி ஒட்டிக் கெடக்கு. இதக் கொண்டு போணும்னுல்லா நான் பேப்பர்ல சுத்தி வச்சிருந்தேன்! அங்க போயி நான் என்னத்துல தோச சுடுவேன்?"

அந்தக் கேள்விக்கு நான் பதில் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வழக்கம் போல, அங்கே புதுக்கல் நல்லதாகக் கிடைக்காது, இரும்பின் தரம் சரியிருக்காது என்று எதையாவது சொல்லியிருப்பேன். வாய் தானாகத் திறந்துவிட்டது.

"கல்லக் கொண்டு போற. என்னைய?"

சொல்லிவிட்டு நானே திடுக்கிட்டேன். வயசான காலத்தில், இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஓமவல்லியை வைத்துக்கொண்டு, அழுதுவிடுவேனோ என்று பயமாகிவிட்டது. உன் அம்மா கல்லைக் கீழே வைத்தாள்.

"ஒங்களக் கூப்பிட்டா வருவியளா?" என்றாள். "ஐதராபாத்த விட்டா வேற ஊரே இல்லன்னு எத்தன வருசமாச் சொல்லுதிய. பிரியாணி, சர்ச்சு, ஃப்ரெண்ட்ஸு. நான் எந்த வாயால கூப்பிடுவேன்?"

"நீ கூப்பிடல. அதான் நீ மட்டும் போறன்னு நெனச்சேன்."

"நான் போறேன்னு சொன்ன நாள்லேருந்து நீங்க கொசு இருக்கு, பூஞ்ச இருக்குன்னு சொன்னிய. ஒரு நாளாவது, நீ இல்லாம நான் எப்படி இருப்பேன்னு ஒரு வாக்கு சொன்னியளா? நான் காத்துக்கிட்டே இருந்தேன். கொசு போதாதுன்னு அக்கா வாயி நீளம்ங்கிய."

"அது நீளம்தானே" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது, அதோடு சிரித்தாள். "இத ஒரு வாக்கு சொல்லதுக்கா ஒரு மாட்ட இந்தப் பாடு படுத்தினிய? சும்மா வந்து சொல்லப்பிடாதா?" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு முகத்தை டீச்சர் மாதிரி வைத்துக்கொண்டு முறையாகக் கேட்டாள். "எனக்கு அந்த ஸ்கூல்ல போயி இருக்கணும். ஆசையா இருக்கு. நீங்களும் வாறியளா?"

"வாறேன்" என்றேன். அவ்வளவுதான், அந்த முடிவு எடுக்கப்பட்டது. அதன்பின் அந்த இறைச்சியைப் பாகு ஒட்டிய வாணலியிலேயே தேங்காய் போட்டு வறுத்து, பழைய சோற்றோடு சமையலறையிலேயே நின்றுகொண்டு தின்றோம். கிராம்பு மணத்தோடு இனிப்பாக ஒரு மாட்டுக்கறி வறுவல். நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். கூடத்தில் மெழுகுவர்த்திகள் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தன, அணைக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்து அவள் பெரியம்மாவுக்கு போன் போட்டபோது நான் பக்கத்தில் நின்றேன். "அவியளும் வாறாவ" என்று அவள் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து பெரியம்மா கத்தியது ஸ்பீக்கர் போடாமலே கேட்டது. "அய்யோ, அந்த மனுசனா? எல்லாத்துக்கும் குத்தம் சொல்லுவாரே!" வாய் நீளம் என்று நான் சொன்னது ஆதாரமில்லாமல் சொன்னதல்ல. ஆனால் இப்போது எனக்கும் அங்கே ஒரு வேலை இருக்கிறது. பள்ளிக்கூடப் பஸ்ஸின் பிரேக், பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சு, சாப்பாட்டுக் கூடத்துக் கூரை எல்லாவற்றிலும் குறை கண்டுபிடிக்க ஆள் வேண்டுமாம். சம்பளம் கிடையாது, மூன்று வேளைச் சோறு உண்டு.

நீயும் என்றைக்காவது ஷீபாவுக்கு ஸ்டேக் செய்வாய். உங்கள் தலைமுறைக்கு அது சகஜம். அண்டர்கட் வேண்டுமானால் பாஷா பாய் கடைக்குக் காலையிலேயே போ. வைனை டவுனில் பெரிய கடையில் வாங்கு, ஹெல்மெட் தேவையில்லை. கரை உள்ள சட்டியாகப் பார். இதெல்லாம் யூடியூபிலும் சொல்வார்கள். அவர்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது: அவளிடம் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் சொல்லிவிடு. ரொம்பப் பிந்திவிட்டால் அதை மாட்டுக்கறியாலும் சொல்ல முடியாது, வைனாலும் சொல்ல முடியாது. நம் குடும்பத்து ஆண்களுக்கு இந்த வியாதி உண்டு. ஆசையை அப்படியே சொல்ல வராது. ஆசை வந்தால் கேஸ் டியூப் சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம், பைக் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்ப்போம்.

உனக்கும் அது தொற்றியிருக்கிறது. நேற்று ராத்திரி போனில் நீ என்னிடம் என்ன கேட்டாய்? தண்ணீர் மோட்டார் சுவிட்ச் எந்தப் பக்கம் என்றாய். இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நீ, ஸ்டூலில் ஏறி அந்த சுவிட்சைப் போட்டவன். பிறகு, மார்த்தாண்டத்தில் வாடகை வீட்டுக்கு கிரில் கேட் இருக்கிறதா என்றாய். பிறகு, உங்கள் பி.பி. மாத்திரை அங்கே கிடைக்குமா என்றாய். பிறகு போனை வைக்காமல் லைனிலேயே இருந்தாய். நானும் மோட்டார் சுவிட்ச் இடது பக்கம் என்று பதில் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. உன் அம்மாவுக்கு அப்போதே உறைத்துவிட்டது, அவள் பக்கத்திலிருந்து என் தொடையில் கிள்ளினாள். நீ கேட்டது சுவிட்சை அல்ல என்று தெரிந்தும், இப்போது திரும்ப போன் போட்டால் மறுபடியும் மோட்டாரைப் பற்றித்தான் பேசுவேன் என்று எனக்கு என்னைத் தெரியும். அதனால்தான் உட்கார்ந்து இவ்வளவையும் எழுதினேன். நீ கேட்காமல் விட்டதற்கு இதுதான் பதில்: எனக்கும் மனசு உன்னைத் தேடும், மக்கா. ரொம்பத் தேடும்.

உன் அப்பா